கடற்பாசி சாப்பிடத் தொடங்குகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நோன்புக்கு நோன்பு கடல்பாசி சாப்பிட்டு வளர்ந்தவள் நான். கீழக்கரையில் எங்கள் வீட்டில் ரமலான் முழுக்க நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு தட்டு இருக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறதென்று ஆன்லைனில் தேடியபோது "கடற்பாசிச் சாறு, பயோட்டின் சேர்ந்தது" என்று ஒரு காப்ஸ்யூலைப் பார்த்ததும் (பயோட்டின் என்பது முடிக்கென்று விற்கும் ஒரு பி வைட்டமின்) கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். நம் பாசிதானே, என்ன செய்துவிடப்போகிறது?

நான்கு மாதத்தில் முகம் வீங்கியது, உடம்பு அசந்தது, எடை ஏறியது. முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. தைராய்டு கெட்டிருந்தது. அதையும் முதல் ரத்தப் பரிசோதனை "நார்மல்" என்று காட்டிவிட்டதால் இரண்டு மாதம் வீணாகப் போனது. ஏன் அப்படிக் காட்டியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். மருத்துவர், பரிசோதனை, மறுபரிசோதனை என்று எனக்குக் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் செலவு. நீங்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

1. எந்தப் பாசி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழில் "பாசி" என்றால் எதுவாகவும் இருக்கலாம். குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, கழுத்தில் போடுவதும் பாசி. உணவிலும் இதே குழப்பம்தான். கடைக்குப் போகும் முன் இவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடல்பாசி, சைனா கிராஸ், அகர் அகர் மூன்றும் ஒன்றுதான். சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி வடித்து எடுக்கும் சாறு அது. மன்னார் வளைகுடாப் பக்கம் மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி என்று பெண்கள் சேகரிப்பவை இதற்குத்தான் போகின்றன. காய்ச்சி, கழுவி, உலர்த்தியபின் மிஞ்சுவது பெரும்பாலும் நார்ச்சத்து. புரதமோ வைட்டமினோ அதில் தேடாதீர்கள்.

நோரி என்பது சுஷியைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஷீட். முழுப் பாசியையே அரைத்துத் தட்டி உலர்த்துவது. வகாமே சூப்பில் மிதக்கும் பச்சை இலை. கொம்பு, கெல்ப் இரண்டும் குளிர்ந்த கடலில் வளரும் பெரிய பழுப்புப் பாசிகள். அயோடின் கொட்டிக் கிடப்பது இவற்றில்தான். காப்ஸ்யூலில் அடைப்பதும் பெரும்பாலும் இதையேதான்.

சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, கடற்பாசியே இல்லை. அது தொட்டியில் வளர்க்கும் நுண்ணுயிர். பாதாம் பிசின் மரத்திலிருந்து வருவது. ஊறினால் கடல்பாசியும் அதுவும் வழுவழுவென்று இருப்பதால் என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வருடம் பாதாம் பிசினைக் கடல்பாசி என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு எச்சரிக்கை. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் சுற்றுலா போகும்போது கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளி வந்து சமைக்காதீர்கள். பாசி தான் வளரும் நீரில் உள்ள உலோகங்களை ஈர்த்து வைத்துக்கொள்ளும். தவிர, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கரையில் குவிந்து கிடக்கும் கட்டக்கோரை ஆலைக்கும் உரத்துக்கும் போகிற சரக்கு, சாப்பாட்டுக்கானது அல்ல.

2. தைராய்டு ரிப்போர்ட் இல்லாமல் அயோடின் பக்கம் போகாதீர்கள்

அகர் மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நோரியை எப்போதாவது தொட்டுப் பார்ப்பவர்களும் அப்படியே. கெல்ப், கொம்பு, "சீ மாஸ்" என்ற கடற்பாசி ஜெல், பாசிக் காப்ஸ்யூல் என்று இறங்குகிறவர்கள் நின்று படியுங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: ஆறு மாதத்துக்குள் எடுத்த டிஎஸ்எச் ரிப்போர்ட் (தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை); வீட்டில் யாருக்காவது தைராய்டு இருந்தால் ஆன்டி டிபிஓ என்ற, நம் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை; நீங்கள் தினமும் போடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், சத்து மாத்திரையும் சேர்த்து. எங்கள் பகுதியில் டிஎஸ்எச் தனியாக 200 முதல் 300 ரூபாய்க்குள் முடிந்தது. ஆன்டி டிபிஓவுக்குத்தான் ஆயிரம் பக்கம் ஆனது. ரிப்போர்ட் அதே நாள் மாலையோ மறுநாளோ கிடைத்துவிடும்.

எதற்கு இதெல்லாம்? தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். ஆனால் ஒரேயடியாக நிறைய வந்தால் சுரப்பி தற்காப்புக்காக உற்பத்தியை நிறுத்திவிடும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் பழையபடி வேலையைத் தொடங்கிவிடும். எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு அது திரும்பத் தொடங்காமலே போகலாம். எனக்கு நடந்தது இதுதான். எனக்கு ஆன்டி டிபிஓ இருக்கிறது என்பது அதுவரை எனக்கே தெரியாது. கட்டியோடு கூடிய தைராய்டு வீக்கம் உள்ளவர்களுக்கு நேர்மாறாக, சுரப்பி கட்டுமீறி ஓடும். படபடப்பு, எடை குறைவு என்று வரும்.

இப்போது அந்த "நார்மல்" கதை. பயோட்டின் அதிக அளவில் உடம்பில் இருந்தால் பல ஆய்வகங்களில் பயன்படுத்தும் டிஎஸ்எச் பரிசோதனை ஏமாந்துவிடும். தைராய்டு சுரப்பு குறைந்தால் டிஎஸ்எச் ஏற வேண்டும்; அதை உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும். என் காப்ஸ்யூலில் பயோட்டின் 10 மில்லிகிராம் இருந்தது. அன்றாடத் தேவையோ மைக்ரோகிராம் கணக்கில்தான். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், "அந்த பாட்டிலை அடுத்த தடவை எடுத்துட்டு வாம்மா" என்றார். பின்னால் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு நாள் இதைத் தொடாம இருந்துட்டு மறுபடி ரத்தம் கொடு" என்றார். டிஎஸ்எச் 14 வந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. ஆகவே முடி மாத்திரை எது போட்டாலும், தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பதில்லை.

3. அயோடின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்

கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250. மேல் எல்லையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 600 என்றும், அமெரிக்கர்கள் 1,100 என்றும் வைத்திருக்கிறார்கள். நான் குறைந்ததையே எடுத்துக்கொள்கிறேன்.

வரவில் முதல் வரி உப்பு. அயோடின் கலந்த உப்பு நம் கைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் நாளுக்கு 8 முதல் 10 கிராம் உப்பு சாப்பிடும் நம் சமையலில் 120 முதல் 150 வரை அங்கேயே வந்துவிடுகிறது. ஊறுகாய், கருவாடு என்று ஓடும் வீடுகளில் உப்பின் அளவே இன்னும் கூடும். அது வேறு பிரச்சினை.

இரண்டாவது வரி பாசி. ஆய்வகத்தில் அளந்தவற்றில் நோரி கிராமுக்குப் பதினாறு மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியும் இருக்கிறது, கெல்ப் துகள் எட்டாயிரத்தைத் தாண்டியும் போயிருக்கிறது. இரண்டையுமே கடையில் "கடற்பாசி" என்றுதான் விற்கிறார்கள். நோரி ஷீட் ஒன்று மூன்று கிராம்கூட வராது. ஒன்றிரண்டு சாப்பிட்டால் பயமில்லை. கொம்புவிலோ ஒரு கிராமிலேயே ஆயிரங்களில் போகும்.

என் காப்ஸ்யூலில் "சீ கெல்ப் 150 மி.கி." என்று மட்டும் எழுதியிருந்தது. அயோடின் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. கிராமுக்கு 1,000 என்று வைத்தால் 150 மைக்ரோகிராம். 8,000 என்று வைத்தால் 1,200. நான் நாளுக்கு இரண்டு போட்டேன். அளவு தெரியாத பொருளை அளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

இந்துப்புக்கு மாறியவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. அயோடின் சேர்க்காத இந்துப்பு மட்டுமே புழங்கும் வீட்டில் முதல் வரி காலியாகிவிடும். அதற்குத் தீர்வு கெல்ப் இல்லை. கிலோ முப்பது ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண அயோடின் உப்புதான்.

4. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில்தான் விஷயம். நான் இப்போது பார்க்கும் வரிசை இது.

முதலில் பாசியின் அறிவியல் பெயர் இருக்கிறதா? "கடல் மூலிகை" என்று பொதுவாகப் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடுகிறேன். அடுத்து, ஒரு வேளை அளவுக்கு அயோடின் எத்தனை மைக்ரோகிராம். பிறகு எஃப்எஸ்எஸ்ஏஐ (நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், 14 இலக்கம். அரசின் ஃபாஸ்காஸ் தளத்திலோ ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ அதை அடித்தால் நிறுவனத்தின் பெயர் வரும். பாக்கெட்டில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த எண் உரிமம் இருப்பதைத்தான் சொல்லும். உள்ளே இருப்பது நல்லது என்று சொல்லாது. இது பலருக்குப் புரிவதில்லை.

காப்ஸ்யூல் என்றால் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வாசகத்துக்குப் பக்கத்திலேயே "தைராய்டைக் குணமாக்கும்" என்று எழுதியிருந்தால் அந்தக் கடைக்கே போகாதீர்கள்.

இறக்குமதிப் பாசிகளில் ஹிஜிகி என்று ஒன்று உண்டு. குச்சி குச்சியாகக் கறுப்பாக இருக்கும். அதில் நச்சு வகை ஆர்சனிக் அதிகம் என்பதால் சாப்பிடவே வேண்டாம் என்று பிரிட்டன் உணவு அமைப்பு சொல்லியிருக்கிறது. விலை மலிவாக வந்தாலும் வேண்டாம். மற்றவற்றுக்குக் கன உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும் அதில் இருக்க வேண்டும். ஆய்வகம் என்ஏபிஎல் என்ற தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் உங்கள் பாக்கெட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கடைக்காரர் எனக்கு அனுப்பியது மூன்று வருடப் பழைய அறிக்கை.

ஒரு சின்ன வேடிக்கை. வீட்டில் உள்ள ஐஸ்கிரீம் டப்பாவையும் சாக்லேட் பால் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான ஐஎன்எஸ் எண்களைத் தேடுங்கள்: 401 ஆல்ஜினேட், 406 அகர், 407 கராஜினன். மூன்றும் பாசியிலிருந்து வந்தவை. நீங்கள் ஏற்கனவே பாசி சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

5. அகரிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்களுக்கு இதுதான் நல்லது. அயோடின் பயம் பெரிதாக இல்லை. செலவும் குறைவு: 10 கிராம் பாக்கெட் எங்கள் தெருக் கடையில் ஐம்பது ரூபாயைச் சுற்றி. ஒரு பாக்கெட்டில் எட்டுப் பேர் சாப்பிடலாம்.

உம்மாவின் முறை இது. 10 கிராம் கடல்பாசியைக் கத்தரிக்கோலால் நறுக்கி அரை லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைக்க வேண்டும். அதே தண்ணீரோடு சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அகர் கரைவதற்குக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். வெந்நீரில் போட்டுக் கலக்கினால் கரையாது. பத்து நிமிடம் கழித்துக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி இழை ஏதாவது தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. இழையே இல்லாமல் தண்ணீர் போல வழிந்தால் வடிகட்டி, தனியாகக் காய்ச்சிச் சூடாக வைத்திருக்கும் அரை லிட்டர் பாலில் ஊற்றுங்கள். பால் ஆறியிருந்தால் ஊற்றிய இடத்திலேயே அகர் உறைந்து கட்டி கட்டியாகிவிடும். நான் முதல்முறை செய்தபோது பாயசத்தில் ரப்பர் துண்டு போட்ட மாதிரி வந்தது. சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், ஃப்ரிட்ஜே வேண்டாம், 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் தானாக உறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் பாலைத் தவிர்த்துத் தண்ணீரில் மட்டும் செய்யுங்கள், சாற்றை அடுப்பை அணைத்தபின் விடுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் சரியாக உறையாது.

சத்து? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 10 கிராம் அகரில் எட்டு கிராம் பக்கம் நார்ச்சத்து. எட்டாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கிராம். நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறபோது இது கொசுறு. அதனுடன் போடும் சர்க்கரை பத்து கிராமைத் தாண்டும். அதைக் குறைத்துச் செய்தால்தான் இது சத்துணவு. குறைக்காவிட்டால் இனிப்பு. இரண்டும் தப்பில்லை, பெயர் மட்டும் மாறக் கூடாது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அகர் தூளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் பசி அடங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். கரையாத தூள் தொண்டையிலோ குடலிலோ ஊதி அடைத்துக்கொள்ளும். எடை குறைக்கப்போய் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டாம்.

6. அடுத்து நோரி, வகாமே. கொம்பு கடைசியில்

நோரி பத்து ஷீட் பாக்கெட் 250, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிரித்தால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னைக் காற்றில் ஒரே நாளில் தோல் மாதிரி ஆகிவிடும். தணலில் ஒரு நொடி காட்டி, நொறுக்கி, தயிர் சாதத்தின் மேல் தூவிப் பாருங்கள். அப்பளம் ஞாபகம் வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று ஷீட் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு.

சைவர்கள் பி12க்காக நோரி தேடுகிறார்கள். நோரியில் உண்மையான பி12 உண்டு. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். இருந்தாலும் நோரியில் அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். பி12 குறைவு என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் மாத்திரையோ ஊசியோதான் வழி. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் நோரி லேபிளில் ஓட்டுமீன் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கடலில் வளர்வதால் சின்னஞ்சிறு உயிர்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

கொம்பு வாங்கியே ஆக வேண்டும் என்றால், கொதிக்க வைத்தால் அயோடினில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். பாசியை எடுத்துப் போட்டுவிட்டுச் சூப்பைக் குடிப்பது ஜப்பானியர் வழக்கம். அயோடின் குறைய வேண்டும் என்றால் நீங்கள் கொட்ட வேண்டியது அந்தச் சூப்பைத்தான்.

7. மாத்திரை போடுபவர்களுக்கு நேரம் முக்கியம்

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. பாசி எதுவானாலும் மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். இடைவெளி விட்டாலும் அயோடின் குறையாது, அதனால் கெல்ப் எந்த நேரத்திலும் வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் போடுபவர்கள் நோரி, வகாமே சாப்பிட்டால் அளவை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள். அவற்றில் வைட்டமின் கே இருக்கிறது, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் ஆடும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் கவலை. மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கெல்ப் மாத்திரை கூடாது.

நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் தரும் சோடியம் ஆல்ஜினேட் சிரப் பாசிப் பொருள்தான். பாசியின் பலன்களில் கண்ணால் பார்க்கிற மாதிரி புரிவது இது ஒன்றுதான். வயிற்று அமிலத்தில் பட்டதும் ஜெல்லாகி, உணவின் மேல் தெப்பம் போல மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும். அதனால் சாப்பிட்டபின், படுக்கும் முன் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் தெப்பம் நிற்க இடமில்லை. அதில் சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

ஃபூகாய்டன், ஃபூகோசாந்தின் என்று பழுப்புப் பாசிச் சேர்மங்களைப் புற்றுநோய்க்கும் எடைக்கும் விற்கிறார்கள். அவற்றைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்க அது போதாது என்பது என் கணக்கு.

8. மறுபரிசோதனையைக் காலண்டரில் குறியுங்கள்

ஏற்கனவே கெல்ப் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திய தேதியை எழுதி வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச். அதற்கு முன் பார்த்தால் உண்மை நிலை தெரியாது. நான் மூன்றாம் வாரமே போய்ப் பார்த்து, எண் பெரிதாக மாறவில்லை என்று அழுதேன், 250 ரூபாயும் போனது. எட்டாவது வாரம் 3.9.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய ஒன்று, இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவு சாப்பிடச் சொல்வார்கள். அந்தத் தடைப் பட்டியலில் நோரி, கெல்ப் மட்டுமில்லை, அகர், ஆல்ஜினேட், கராஜினன் எல்லாமே அடக்கம். அது ரமலானில் வந்தால் வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் ரோஸ் தட்டை நீட்டுகிறவர்களுக்கு அது பாசி என்பதே நினைவில் இருக்காது.